சத்தம் வராத சவுண்டு பள்ளிக்கூடம்

நவீன்,

"டீச்சர் என்ன சொன்னாங்க? எஸ்ஸா, நோவா?" என்று ஒரே வரியில் செய்தி அனுப்பியிருக்கிறாய். ஒரே வரியில் பதில் சொல்கிற அம்மா வேண்டுமென்றால் நீ வேறு வீட்டில் பிறந்திருக்க வேண்டும். கொத்தமல்லி வாங்கிவந்த கதையையே நான் நாலு தெரு சுற்றிக்கொண்டு போய்த்தான் சொல்வேன் என்பது உனக்குத் தெரியாதா? அதனால் காபி போட்டுக்கொண்டு வந்து உட்கார். பூர்ணிமாவையும் பக்கத்தில் உட்கார வைத்து இதை வாய்விட்டுப் படித்துக் காட்டு. அவள் மைசூர்ப் பெண். தமிழ் கேட்டால் புரிந்துகொள்வாள், படிக்க வராது. நம் வீட்டு முன்கதையும் அவளுக்குத் தெரியாது. மாமியாரைப் பற்றி நீ அவளிடம் என்னென்ன சொல்லி வைத்திருக்கிறாயோ, என் தரப்பையும் அவள் கேட்டுவிடட்டும். உனக்குத் தெரிந்த விஷயங்களையும் அவளுக்காகத் திரும்பச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்.

முதலில் நம் ஒப்பந்தம். கல்யாணம் முடிந்து நீங்கள் இருவரும் சர்ஜாபூர் ரோடு பக்கம் புது ஃபிளாட்டுக்குப் போன கையோடு, நீ பெங்களூரின் இந்தக் கோடிக்கு, நம் காக்ஸ் டவுன் வீட்டுக்குத் திரும்பி வந்து எங்கள் இருவரையும் சோபாவில் உட்கார வைத்து அலுவலகத்தில் மீட்டிங் நடத்துவதுபோல் நடத்தினாய். "அம்மா, நீயும் அப்பாவும் எங்களோட வந்துடுங்க. உங்களுக்குன்னு ஒரு ரூம் ஒதுக்கியிருக்கோம். இந்த வாடகை வீட்ல இன்னும் எதுக்கு?" என்றாய். நான், "உன் ரூம் காலியாயிடுச்சுல்ல, அதுல ஒரு ஸ்கூல் ஆரம்பிக்கப் போறேன்" என்றேன். "என்ன ஸ்கூல்?" "ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் எல்லாம் சொந்தக் கையால செய்யக் கத்துக்கற ஸ்கூல். ஆசைக்குக் கத்துக்கறவங்களுக்கு. பரீட்சை கிடையாது, சர்டிஃபிகேட் கிடையாது." நீ அப்பாவைப் பார்த்தாய், காப்பாற்றச் சொல்லி. அவர் செய்தித்தாளை இறக்காமலே, "முதல் அட்மிஷன் நம்ம மிக்ஸிக்குப் போடு. வேலை செஞ்சு ரொம்ப நாளாச்சு" என்றார். என் வாழ்க்கைத் துணை இவர்தான்.

கொஞ்ச நேரம் வாதாடிவிட்டு நீ ஒரு வழி கண்டுபிடித்தாய். கெட்டிக்காரத்தனமான வழி, அதை ஒத்துக்கொள்கிறேன். "சரி, கீழ் வீட்டு ஸ்டெல்லா டீச்சர் ஒத்துக்கிட்டா நடத்து. அவங்க நோ சொன்னா மூட்டை கட்டிக்கிட்டு எங்ககூட வந்துடணும்" என்றாய். டீச்சர் நோ சொல்வார் என்று உனக்கு நிச்சயம். எனக்கும் நிச்சயம்தான். நம் வீட்டுக்கார அம்மாவான ஸ்டெல்லா டீச்சருக்குச் சத்தம் ஆகாது என்பது தெரு முழுக்கத் தெரியும். மாடியில் நாம் நாற்காலியை இழுத்தால் கீழேயிருந்து ஒட்டடைக் குச்சியால் கூரையைத் தட்டுவார். உன் கிடாரைப் பற்றி நான் இங்கே பேசப் போவதில்லை. அதற்கு உயிர் இருந்தது இரண்டு வாரம்தான். பக்கத்து வீட்டில் சீமந்தத்துக்கு மேளம் வைத்தபோது டீச்சர் அன்று முழுக்க ரிச்சர்ட்ஸ் டவுன் பூங்காவில் போய் உட்கார்ந்திருந்தார் என்று மீன்காரம்மா சொன்னாள். மீன்காரம்மா சொல்வதில் பாதியைத்தான் நம்பலாம். ஆனால் நான் நம்பும் பாதி இதுதான்.

இருந்தாலும் போய்க் கேட்டேன். என் வாய் இருக்கிறதே, அது என்னைக் கேட்டுக்கொண்டு பேசுவதில்லை. "டீச்சர், எங்க ஸ்கூல்ல சத்தமே வராது" என்று சொல்லிவிட்டேன். அவர் கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். "சவுண்டு ஸ்கூல்ல சவுண்டு வராதா? அப்ப நீச்சல் கிளாஸ்ல தண்ணி இருக்காதா?" என்றார். நான் தலையாட்டினேன், எதற்குத் தலையாட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை. "ஒரு கிளாஸ் நடத்து. ஒரே ஒரு கிளாஸ். அப்புறம் சொல்றேன்" என்றார்.

இந்த ஆசை எங்கிருந்து வந்தது என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. நானாகவே சொல்லிவிடுகிறேன். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வரும்வரை நான் வேலை பார்த்தது ஒரு டெலிபோன் தொழிற்சாலையின் சோல்டரிங் பிரிவில். நீளமான மேஜை, இரண்டு பக்கமும் பெண்கள், ஒவ்வொருவர் தலைக்கு முன்னாலும் பூதக்கண்ணாடி வைத்த விளக்கு. ஒரு கையில் சூட்டுக்கோல், மறு கையில் ஈயக்கம்பி. கை வேலை செய்யும், வாய் ஊர்க்கதை பேசும். அந்த மேஜையில் நாங்கள் தீர்க்காத குடும்ப வழக்கு கிடையாது. ஆனால் நான் பற்றவைத்த போர்டு ஒன்றுகூடப் பேசி நான் கேட்டதில்லை. முடித்ததைத் தட்டில் அடுக்குவேன், தள்ளுவண்டி வரும், எடுத்துக்கொண்டு போகும். வேறு கட்டடத்தில் யாரோ அதைப் பெட்டிக்குள் வைப்பார்கள். இன்னும் எங்கேயோ, எந்த ஊரிலோ, யாரோ அதன் வழியாக "ஹலோ, கேக்குதா?" என்பார்கள். எனக்குக் கேட்காது. மதியம் சாப்பிட்டுவிட்டு வந்த அரைத்தூக்கத்தில் அந்தக் கண்ணாடிக்குக் கீழே ஈயப் புள்ளிகளெல்லாம் மழை விட்ட பிறகு மேட்டிலிருந்து பார்க்கும் ஒரு ஊரின் விளக்குகள்போல மினுங்கும். பச்சை நிறத் தரை, செம்புத் தெருக்கள், ஒவ்வொரு முனையிலும் ஒரு விளக்கு. நான் அந்தத் தெருக்களில் செருப்பில்லாமல் நடந்து போவேன். எல்லா வீட்டிலும் யாரோ பேசிக்கொண்டிருப்பது தெரியும், கதவில் காதை வைத்தால் ஒன்றும் கேட்காது. அதற்குள் சூப்பர்வைசர் வந்து, "ஏம்மா, நித்திரையா?" என்பார். "இல்ல சார், யோசனை" என்பேன். பக்கத்திலிருப்பவள் சிரித்துக் கையைச் சுட்டுக்கொள்வாள்.

வேலையை விட்டு வந்த பிறகு எஸ்.பி. ரோட்டுக்குப் போய் உதிரிச் சாமான்களை வாங்கிவந்து நானே ஒரு ஆம்ப்ளிஃபயர் செய்ய உட்கார்ந்தேன். நீ அப்போது அலுவலகமே கதி என்று இருந்தாய், கவனித்திருக்க மாட்டாய். எங்கே எதைப் பற்றவைக்க வேண்டும் என்று யாராவது குறித்துக் கொடுத்தால் நான் ராணி. எதற்காக என்று கேட்டால் ஒன்றும் தெரியாது. முதல் பெட்டி புகைந்தது. அடுத்தது புகையாமல் செத்தது, அது ஒரு முன்னேற்றம். அதற்கடுத்த பெட்டியில் உன் பழைய போனை மாட்டி ஒரு பாட்டைத் தட்டினேன். நல்ல வெயில் நேரம், ஜன்னலுக்கு வெளியே தூங்குமூஞ்சி மரம், தெருவில் ஒரு ஸ்கூட்டர்கூட இல்லை. ஸ்பீக்கரில் ஒரு பெண் மூச்சு இழுத்தாள். பாட்டு இல்லை, நவீன். பாடுவதற்கு முன்னால் மூச்சு இழுத்தாள், அவ்வளவுதான். அதை நான் வைத்த புள்ளிகள் வழியாக, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாண்டித் தாண்டி வந்து, நம் வீட்டுக் காற்றிலிருந்து இழுத்தாள். நான் பாட்டை நிறுத்திவிட்டு உன் அப்பாவைக் கூப்பிட்டு அந்த மூச்சை மட்டும் போட்டுக் காட்டினேன். "பாட்டு நல்லா இருக்கு" என்றார். பாட்டு இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.

அன்றைக்குத் தொடங்கிய கனவுதான் இந்தப் பள்ளிக்கூடம். கனவில் எனக்கு ஒரு கறுப்புக் கோட்டுகூட இருந்தது, எதற்கென்று தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை, பசை உருகும் வாசனை, வெவ்வேறு வயசு ஆட்கள் குனிந்து உட்கார்ந்து தங்கள் கையால் ஒரு பெட்டியைச் செய்கிறார்கள், செய்ததை அவர்களே கேட்கிறார்கள். தள்ளுவண்டி வராது. என் பள்ளியின் ஒரே சட்டம் அதுதான்: செய்தவர்தான் முதலில் கேட்க வேண்டும்.

முதல் மாணவன் எனக்குக் கிடைத்தது உன் கல்யாணத்தில். நீ அதை மறக்க நினைக்கிறாய் என்று தெரியும், அதனால் விவரமாகவே சொல்கிறேன். வரவேற்பில் பூர்ணிமாவின் பெரிய மாமா வாழ்த்திப் பேச மைக்கைப் பிடித்தார். "மகாஜனகளே..." என்று அவர் ஆரம்பித்ததும் ஸ்பீக்கர் "கீய்ய்ய்" என்று கூவியது. கைக்குழந்தைகள் எல்லாம் சேர்ந்து அழுதன. நான் எழுந்திருப்பதைப் பார்த்து நீ மாலையோடு குனிந்து, "அம்மா, ப்ளீஸ். இன்னிக்கு ஒருநாள் மாப்பிள்ளையோட அம்மாவா மட்டும் இரு" என்றாய். அதற்குள் நான் மேடைக்குப் பின்னால் போய்விட்டேன். அங்கே மைக் செட்காரர், மர்பி டவுன் முனிரத்தினம், வியர்த்து நின்றுகொண்டிருந்தார்.

"இன்னாக்கா நீங்க, பட்டுப்பொடவையோட இங்க வந்துக்கினு? நான் வால்யூமைக் கம்மி பண்றேன், வுடுங்க."

"வால்யூமைக் கம்மி பண்ணா மாமா பேசறது யாருக்கும் கேக்காதே."

"அது நல்லதுதானேக்கா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மைக்குக்குப் பின்னாடி நிக்குது பாரு அந்த ஸ்பீக்கர், அதை முன்னாடி தள்ளு. அது சொன்னதையே திரும்பத் திரும்ப அதுவே கேட்டுக்கிட்டு கத்துது" என்றேன். இருவரும் சேர்ந்து தள்ளினோம். முந்தானை ஒயரில் மாட்டிக் கிழிந்தது. கூவல் நின்றது. மாமா முக்கால் மணி நேரம் பேசினார், அதற்காக உங்கள் இருவரிடமும் நான் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் முனிரத்தினம் பந்தியில் என்னைத் தேடி வந்து, "அக்கா, எப்பனா கிளாஸ் எடுத்தா சொல்லுங்க" என்றார். புத்திமதி என்று ஒன்று இந்தக் கடிதத்தில் இருக்க வேண்டுமே, இதை வைத்துக்கொள்: புதுசாய்க் கல்யாணமானவர்களின் சண்டை முக்கால்வாசி அந்தக் கூவல்தான். ஒருத்தர் ஒரு சின்ன வார்த்தை சொல்வார். சொன்னது தன் காதிலேயே விழும். அதற்கே தனக்குக் கோபம் வரும். இன்னும் கொஞ்சம் பலமாகச் சொல்வார். இதில் யார் மேலும் தப்பில்லை. நிற்கிற இடத்தை மாற்று. எழுந்து சமையலறைக்குப் போய்ப் பாத்திரம் கழுவு. உன் அப்பா இருபது நிமிஷம் மொட்டை மாடிக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டியைப் பார்ப்பார். நம் வீட்டுத் தொட்டிபோல் கண்காணிக்கப்பட்ட தொட்டி பெங்களூரில் இல்லை.

சரி, வகுப்புக்கு வருகிறேன். போன ஞாயிறு மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் முனிரத்தினம். இன்னொருவர் ரிச்சர்ட்ஸ் டவுனில் பல் மருத்துவர், ஜெரோம். தன் கிளினிக்கில் டிரில் சத்தத்துக்கு மேல் நல்ல இசை கேட்க வேண்டுமாம் அவருக்கு. மூன்றாவது ஸ்வேதா என்று ஒரு கன்னடப் பெண், உன் மாதிரியே கம்ப்யூட்டர் வேலை. "வாரம் பூரா ஸ்க்ரீன்லதான் வேலை ஆன்ட்டி. கையில தொட்டுப் பாக்கற மாதிரி ஒண்ணாவது செய்யணும்" என்றாள். போர்டுகளை நான் முன்கூட்டியே முக்கால்வாசி முடித்து, கரண்ட் வரும் பக்கத்தை நானே பத்திரமாக மூடி வைத்திருந்தேன். அவர்கள் மீதிப் புள்ளிகளை வைத்து, இரும்புப் பெட்டிக்குள் பொருத்தி, ஒயர்களை முடிய வேண்டும். அவ்வளவுதான் பாடம்.

உன் அறை நீ பார்த்திராத அறையாக இருந்தது. புகை சுருள் சுருளாக எழுந்து ஜன்னல் வெளிச்சத்தில் போய் நின்று யோசித்தது. ஜெரோம் டாக்டர் சூட்டுக்கோலைப் போர்டில் வைக்கும்போதெல்லாம் தன்னையறியாமல், "கொஞ்சம் வாயைத் திறங்க... ஆச்சு, ஆச்சு, வலிக்காது" என்று முணுமுணுத்தார். முனிரத்தினம், "டாக்டரே, அதுக்கு மயக்க ஊசி போட்டீங்களா?" என்றார். ஸ்வேதா நாக்கைக் கடித்துக்கொண்டு குனிந்திருந்தாள். அந்த நேரத்தில் நேரமே இல்லை. நான் நடுவில் நின்றுகொண்டு, தட்டில் வைத்து அனுப்பிய போர்டுகள் எல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வருகின்றன என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நினைப்பு அதிகமாகிவிட்டது, அதனால்தான் அந்தத் தப்பைச் செய்தேன். எர்த் ஒயர்களை எங்கே முடிவது என்று முனிரத்தினம் கேட்டார். எனக்குப் புடவைக்கு ஊக்கு குத்துகிற புத்தி. ஒரு ஊக்கு குத்தினால் பயம், நாலு குத்தினால் நிம்மதி. "எர்த்து எவ்வளவு கட்டினாலும் நல்லதுதான். பெட்டியில எங்கெல்லாம் ஸ்க்ரூ தெரியுதோ அங்கெல்லாம் ஒண்ணொண்ணு முடிஞ்சிடுங்க" என்றேன். ஒரு ஒயர் இந்த மூலைக்கு, ஒரு ஒயர் அந்த மூலைக்கு. டாக்டர் மிகவும் ஒழுங்காக நாலு மூலையிலும் முடிந்தார். ஸ்வேதாவுக்குப் பொறுமை போய்விட்டது. எல்லா ஒயரையும் சேர்த்து ஒரே ஸ்க்ரூவில் அழுத்திவிட்டு, நான் பார்க்கிறேனா என்று பார்த்துக்கொண்டாள்.

பிறகு சுவிட்சைப் போடச் சொன்னேன். பாட்டு வேண்டாம், ஒன்றும் மாட்ட வேண்டாம், ஸ்பீக்கரில் காதை வையுங்கள் என்றேன். இதுதான் இந்தத் தொழிலின் வழக்கம். ஒன்றும் பாடாதபோது ஒரு பெட்டி எப்படி இருக்கிறது என்பதை வைத்துத்தான் அது நல்ல பெட்டியா என்று சொல்ல முடியும். "ம்ம்ம்ம்ம்" என்றது டாக்டரின் பெட்டி. "ம்ம்ம்ம்ம்" என்றது முனிரத்தினத்தின் பெட்டி, இன்னும் பலமாக. "வேலை செய்யுதுக்கா!" என்று அவர் கத்த, நான் வாயில் விரலை வைத்தேன். இரண்டு பெட்டியின் முனகலும் சேர்ந்து மேஜைக் காலில் இறங்கி, தரையில் இறங்கி, தரை வழியாகக் கீழ் வீட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தது எனக்குக் காலில் தெரிந்தது. ஸ்வேதாவின் பெட்டி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "அய்யோ ஆன்ட்டி, நந்து சத்தோய்த்து. என்னோடது செத்துப்போச்சு."

அவள் போனை அதில் மாட்டினேன். பாட்டு சுத்தமாக வந்தது, வைத்த இடத்தில் வைத்ததுபோல். நிறுத்தினால், அமைதி. செத்த பெட்டி இல்லை அது; மூன்றில் அது ஒன்றுதான் சரியான பெட்டி. ஒரே ஸ்க்ரூ. சோம்பேறித்தனமாக எல்லாவற்றையும் ஒரே இடத்தில் முடிந்ததால் அது சும்மா இருந்தது. என் பேச்சைக் கேட்டுப் பல இடத்தில் பூமியைத் தொட்டவை, அந்த இடங்களுக்கு நடுவே சுற்றிச் சுற்றி வந்து முனகிக்கொண்டிருந்தன. வாத்தியாரின் தப்பு இப்படி முதல் வகுப்பிலேயே, அதுவும் ஒரு மாணவியின் கள்ளத்தனத்தால் வெளியானது.

மற்ற இரண்டையும் அவிழ்க்க ஸ்க்ரூடிரைவரை எடுப்பதற்குள் படியில் காலடி கேட்டது. ஒவ்வொரு படிக்கும் ஒரு பெருமூச்சு. ஸ்டெல்லா டீச்சருக்கு முட்டி வலி. அவர் மாடிக்கு வந்து வருஷக்கணக்காகிறது. சுவிட்சை அணைக்க வேண்டும் என்றுகூட யாருக்கும் தோன்றவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். இரண்டு பெட்டியும் அவரைப் பார்த்து முனகின. நான், "டீச்சர், இது வந்து, சத்தம் இல்ல டீச்சர்..." என்றேன். எனக்கே கேட்க வெட்கமாக இருந்தது.

அவர் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். தலையைச் சாய்த்துக்கொண்டார். "யாரு இங்க ஜி பாடறது?" என்றார். ஸ்வேதா பெட்டிகளைக் காட்டினாள். "ஜி. கொஞ்சம் ஷார்ப்பா இருக்கு." மேற்கத்திய சங்கீதத்தில் ஜி ஒரு சுரமாம், ஷார்ப் என்றால் சரியான இடத்தைவிட ஒரு இழை மேலே. சர்ச் பாடகர் குழுவை முன்னால் நின்று நடத்தியவர் அவர் என்பது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பிறகு, நவீன், வாயைத் திறக்காமலே, அந்த முனகலின் மேல் தன் குரலை வைத்தார். பாட்டு என்று சொல்ல முடியாது. ஒரு பழைய, லேசாக நடுங்குகிற "ம்ம்ம்". அதிலிருந்து மெதுவாக ஏறி, ஒரு இடத்தில் நின்று, திரும்பி இறங்கி வந்தார். முனிரத்தினம் கையெடுத்துக் கும்பிடுவதுபோல நின்றார். அந்த நேரம் பார்த்து நம் பெங்களூர் கரண்ட் போயிற்று. பெட்டிகள் டக்கென்று நின்றன. டீச்சர் நிற்கவில்லை. கீழே ஆதாரம் எதுவும் இல்லாமல் அந்தக் குரல் மட்டும் புகையோடு சேர்ந்து அறைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. தூங்கிக்கொண்டிருக்கிறேன், சூப்பர்வைசர் இப்போது தோளில் தட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

முடித்ததும் டீச்சர் எங்கள் எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தார். "மாடியில இது வேண்டாம்மா" என்றார்.

இப்போது நான் சொல்லப்போவதைப் பூர்ணிமாவுக்குப் படித்துக் காட்டுவதும் காட்டாததும் உன் இஷ்டம். அந்த "வேண்டாம்" காதில் விழுந்ததும் எனக்கு அழுகை வரவில்லை. நிம்மதியாக இருந்தது. ஒரு நொடிதான், ஆனால் இருந்தது. இனி யாருக்கும் எதையும் சொல்லித்தர வேண்டாம், தப்பாகச் சொல்லி மாட்டிக்கொள்ள வேண்டாம். லிஃப்டில் ஏறி உங்கள் ஃபிளாட்டுக்கு வந்து, எங்களுக்கென்று ஒதுக்கிய அந்த நீலத் திரைச்சீலை அறையில் உட்கார்ந்து, எனக்கு வயசாகிவிட்டது என்று எல்லோரும் சேர்ந்து முடிவுசெய்ததற்குத் தலையாட்டிக்கொண்டிருக்கலாம். எவ்வளவு சுகமான யோசனை! ஆசைப்பட்டது நடக்காமல் போவதில் இப்படி ஒரு மெத்தை இருக்கிறது, கண்ணு. அதில் படுத்தால் எழுந்திருக்க மாட்டோம். என்றைக்காவது உன் மேனேஜர் உன்னிடம் நோ சொல்லி, உனக்குக் கோபத்துக்குப் பதில் நிம்மதி வந்தால், அன்றைக்கு எனக்கு போன் பண்ணு.

டீச்சர் இன்னும் முடிக்கவில்லை. "இந்தப் படி ஏற என்னால ஆகாது. கீழ என் முன்ரூம் சும்மாதான் கிடக்கு. அங்க வச்சுக்கோ" என்றார். எங்களுக்குப் புரிவதற்குள் அவர் தன் காதோரத்து முடியை ஒதுக்கி, எதையோ எடுத்து உள்ளங்கையில் வைத்து நீட்டினார். பயறு அளவுக்கு ஒரு கருவி. காதுக் கருவி. தெருவில் ஒருவருக்கும் தெரியாது. எனக்கே தெரியாது என்றால் பார்த்துக்கொள். "இதுக்குள்ளயும் ஒரு ஆம்ப்ளிஃபயர்தானே இருக்கு? நீங்க நாற்காலி இழுத்தா இதுல லாரி ஏறுது. குக்கர் விசில் அடிச்சா மண்டையில ஆணி அடிக்குது. என் பொண்ணு மெல்போர்ன்லேர்ந்து போன்ல பேசினா மட்டும் கேக்கல, கீய்ங்குது. கடைக்காரன்கிட்ட சொன்னா, பழகிடும் பாட்டிங்கறான். யாருடா பாட்டி? இது ஏன் கத்துதுன்னு எனக்குத் தெரியணும். அதைச் சொல்லித் தருவியா?"

"எனக்குத் தெரியாது டீச்சர்" என்றேன். இத்தனை பேருக்கு முன்னால் நான் உண்மை சொன்னது அதுதான் முதல் தடவையாக இருக்கும். "சேர்ந்து கத்துக்கலாம்."

"அதைத்தான் கேட்டேன்" என்றார். (இதையெல்லாம் எழுதலாமா என்று அவரிடம் கேட்டுவிட்டேன். "எழுதிக்கோ, வயசை மட்டும் எழுதாதே" என்றார்.) முனிரத்தினம் தன் பெட்டியைத் தூக்கிக் காட்டி, "டீச்சரம்மா, இதை ரிப்பேர் பண்ணிட்டா ஜி போயிடுமே, பரவால்லயா?" என்று கேட்டார். "போகட்டும்பா. இத்தனை வருஷம் கொயர்ல ஷார்ப்பா பாடினவங்களை வெளிய அனுப்பித்தான் எனக்குப் பழக்கம்" என்றார் டீச்சர்.

ஆக, எஸ். உன் ஒப்பந்தப்படி நான் ஜெயித்துவிட்டேன். ஆனால் உன்னை எனக்குத் தெரியும். அடுத்த போனில், அன்று மீட்டிங்கில் சொன்ன இன்னொரு யோசனையை எடுப்பாய்: வாரநாளெல்லாம் உங்களோடு, சனி ஞாயிறு காக்ஸ் டவுனில். நல்ல மனசோடுதான் சொல்கிறாய். நானும் நாலு ஊக்கு குத்துகிற ஜாதிதான், எனக்கும் அது பிடித்தே இருந்தது, போன ஞாயிறு வரை. இரண்டு இடத்தில் பூமியைத் தொட்டால் நான் முனகுவேன், கண்ணு. உங்கள் வீட்டில் உட்கார்ந்து இந்த வீட்டைப் பற்றியும், இங்கே உட்கார்ந்து உங்களைப் பற்றியும் முனகுவேன். பூர்ணிமா பாவம். அவள் வாழ்க்கையை அவள் சுத்தமாகக் கேட்கட்டும். ஆசைப்பட்டால் வந்து போகிறேன், பலகாரம் தூக்கிக்கொண்டு வருகிறேன், மாமாவைக் கூப்பிட்டால் மைக்கோடு வருகிறேன். குடியிருப்பது இங்கேதான்.

இதையெல்லாம் போனிலேயே சொல்லலாமே என்று உன் அப்பா கேட்டார். போனில் நீ குறுக்கே பேசுவாய். அதுவுமில்லாமல் எழுத ஒரு வசதியான இடம் அகப்பட்டிருக்கிறது. நேற்று நானும் அவருமாக உன் படிப்பு மேஜையைக் கீழே டீச்சர் வீட்டு முன்ரூமுக்கு இறக்கப் பார்த்தோம். "சாய்ச்சுப் பிடி" என்றார் அவர். "நீங்க தூக்கிப் பிடிங்க" என்றேன் நான். படி திரும்புகிற இடத்தில் அது சுவரில் சிக்கிக்கொண்டது. மேலேயும் ஏறவில்லை, கீழேயும் இறங்கவில்லை. இன்று காலை உன் அப்பா அதற்கு அடியில் தவழ்ந்து போய்ப் பால் வாங்கிவந்தார். கீழேயிருந்து டீச்சர், "ஏம்மா, கிளாஸ் படியிலயா?" என்று கேட்கிறார். நான் மேல்படியில் உட்கார்ந்து, மேஜை மேல் தாளை வைத்து எழுதிக்கொண்டிருக்கிறேன். படிக்கட்டு ஜன்னலிலிருந்து நல்ல காற்று வருகிறது. எழுந்திருக்க மனசில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை இதன் மேல் நாலு பேர் வேலை செய்ய வேண்டும், எங்கள் இரண்டு பேரால் இது நகராது.

சனிக்கிழமை காலையில் வா. இழுப்பறை இருக்கிற கனமான பக்கத்தை உனக்கு விட்டு வைத்திருக்கிறேன்.

படியில் உட்கார்ந்திருக்கும்
உன் அம்மா